ஐந்து வினாக்கள்



1921-ஆம் ஆண்டில், அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனில் வாழ்ந்த இளைஞர் ஒருவர் மார்மன் சபையைப் பற்றி ஆராயத் தொடங்கினார். அச்சபையைச் சேர்ந்த ஒருவரிடம் அவர் ஐந்து வினாக்களைத் தொடுத்தார். கேட்கப்பட்டவருக்கு விடை தெரியவில்லை. அவர் அவ்வினாக்களைத் தம் சபையின் அப்போஸ்தலர்களுள் ஒருவராகிய ஜேம்ஸ் டால்மேஜ் என்பவருக்கு எழுதி அனுப்பினார். டால்மேஜ் நிலவியல் கற்ற பேரறிஞர். எனினும், இத்தகைய வினாக்களுக்கு விடையிறுக்க நம்முள் தகுதியுடையவர் ஒருவரே உளர் எனக் கருதி, அக்கடிதத்தை பி. எச். ராபர்ட்ஸ் என்னும் முதியவரிடம் சேர்ப்பித்தார். அப்போது ராபர்ட்சுக்கு வயது 64. தம் சபைக்காக வாதாடுவதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர் அவர்.

கத்தோலிக்கப் பத்திரிகையில் மார்மன் சபையாரைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். தம் விசுவாசத்தை எள்ளி நகையாடுவோர் நடுவில் அதனைக் காத்து நிற்பது எப்படி என்பதை, நம்மினும் சிறிய, நம்மினும் மிகுதியாக ஏளனத்திற்கு உள்ளான ஒரு கூட்டத்தாரிடம் கண்டறிவதில் இழுக்கேதுமில்லை. நம் பிள்ளைகளும் கல்லூரியிலும் பணியிடத்திலும் நாள்தோறும் வினவப்படுகிறார்கள் அல்லவா?

முதற்கண் அவர்களைப் பற்றிச் சில சொற்கள். 1805-இல் வெர்மாண்ட் மாநிலத்தில் ஓர் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்த ஜோசப் ஸ்மித் என்பவர், வானதூதர் ஒருவர் காட்டிய பொன்தகடுகளிலிருந்து தாம் மொழிபெயர்த்ததாகக் கூறி, 1830-இல் நியூயார்க் மாநிலத்துப் பால்மைரா என்னும் ஊரில் ஒரு நூலை அச்சிட்டு வெளியிட்டார். அதுவே 'மார்மன் நூல்'. கி.மு. 600-ஆம் ஆண்டளவில் யெருசலேமை விட்டுப் புறப்பட்ட ஒரு குடும்பத்தார் கடல் கடந்து அமெரிக்கா சேர்ந்தனர் என்றும், உயிர்த்த ஆண்டவர் அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கு அங்கே காட்சி தந்தார் என்றும் அந்நூல் உரைக்கின்றது. அதே ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் அவர் சபையும் நிறுவினார். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதே அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயர். இன்று உலகெங்கும் ஒரு கோடியே எழுபது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அச்சபையின் ஏட்டில் உள்ளனர்.

அந்நூலை இறைவாக்கென நாம் ஏற்பதில்லை. பிதா, சுதன், பரிசுத்த ஆவி பற்றிய அவர்தம் கோட்பாடு நம்முடையதினின்று அடிப்படையிலேயே வேறுபடுவதால், அவர்கள் அளிக்கும் ஞானஸ்நானம் செல்லாது என்று 2001-இல் உரோமைத் திருச்சங்கம் தெளிவாக அறிவித்துள்ளது. இதைச் சொல்லிவிட்ட பின்னர், அவர்கள் பட்ட பாட்டையும் சொல்லவேண்டும். 1838-இல் மிசௌரி மாநில ஆளுநர் பாக்ஸ், மார்மன் சபையாரை மாநிலத்தினின்று விரட்டவேண்டும், இன்றேல் அழித்தொழிக்கவேண்டும் என்று எழுத்திலேயே ஆணை பிறப்பித்தார். அதே வாரத்தில் ஹான் என்பவரது ஆலைக் குடியிருப்பில் சிறுவர் உட்பட 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வாணை முறைப்படி நீக்கப்பட்டதோ 1976-இல்தான்! ஜோசப் ஸ்மித்தும் அவர் தமையனாரும் 1844 ஜூன் 27 அன்று கார்த்தேஜ் ஊர்ச் சிறையில் கும்பலால் கொல்லப்பட்டனர். அதற்கு ஏழு வாரங்களுக்கு முன்னர்தான் ஃபிலடெல்ஃபியா நகரில் வேறொரு கும்பல் நம் கத்தோலிக்கரின் புனித மிக்கேல் ஆலயத்தையும் புனித அகுஸ்தீனார் ஆலயத்தையும் தீக்கிரையாக்கியது. அந்நாட்டில், அந்த ஆண்டில், கத்தோலிக்கர் என்றாலும் மார்மன் என்றாலும் கும்பலின் கண்ணுக்கு ஒன்றே.

இனி ராபர்ட்சிடம் வருவோம். இங்கிலாந்தில் வாரிங்டன் என்னும் ஊரில் 1857-இல் பிறந்தவர். தாய் முன்னரே அமெரிக்கா சென்றுவிட, ஒன்பது வயதில் தமக்கையுடன் கடல் கடந்து, பரந்த புல்வெளிகளைப் பெரும்பாலும் வெறுங்காலுடன் நடந்தே கடந்து யூட்டா சேர்ந்தார். சிறுவனாய் இருந்தபோது எழுத்தறியாதவர். கொல்லன் பட்டறையில் தொழில் பயின்றுகொண்டே நூல்களை விழுங்கியவர். 1884-இல் டென்னெசி மாநிலத்தில் மார்மன் போதகர் இருவரை முகமூடிக் கும்பல் ஒன்று கொன்றபோது, நாடோடிக் கூலியைப்போல மாறுவேடம் பூண்டு சென்று, அவ்வுடல்களைத் தோண்டி எடுத்துப் பெற்றோரிடம் சேர்ப்பித்தவர் இவரே. பலதார மணம் செய்தவர் என்பதற்காகச் சிறையும் புகுந்தார். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டும், அதே காரணத்திற்காக 1900-இல் 268 வாக்குகளால் இருக்கை மறுக்கப்பட்டார். அவருக்குச் சார்பாக விழுந்தவை 50. (பலதார மணத்தை அச்சபை 1890-இல் கைவிடத் தொடங்கியது. அவ்வழக்கத்திற்கு நான் பரிந்து பேசுவதாக யாரும் எண்ணவேண்டாம்.)

தமிழ் மக்கள் நன்கறிந்த ஒரு நிகழ்ச்சியிலும் இவருக்குத் தொடர்புண்டு. 1893-இல் சிகாகோவில் சர்வ சமய மகாநாடு கூடிற்று. நம் கர்தினால் கிப்பன்ஸ் ஆண்டவர் கற்பித்த செபத்தைச் சொல்லி அதனைத் தொடங்கிவைத்தார். சென்னை அன்பர்களின் உதவியோடு சென்ற விவேகானந்த சுவாமிகள் அங்கே புகழெய்தினார். பௌத்தர், சமணர், இசுலாமியர் யாவருக்கும் மேடை கிடைத்தது. மார்மன் சபைக்காகப் பேச வந்த ராபர்ட்சுக்கு மட்டும், பெருமண்டபத்தில் அன்று, பக்கத்துச் சிற்றறை ஒன்றில் பேசலாம் என்று விடை வந்தது. அது தம் சபைக்கு அவமதிப்பு என்று கூறி அவர் மறுத்து வெளியேறினார்.

இத்தகைய போராளியின் கையில்தான் அந்த ஐந்து வினாக்கள் வந்து சேர்ந்தன. அமெரிக்கப் பழங்குடியினரிடையே ஒன்றுக்கொன்று உறவே இல்லாத எத்தனையோ மொழிகள் வழங்குகின்றனவே, எபிரேயம் பேசிய ஒரே குடும்பத்தினின்று இவ்வளவும் இக்குறுகிய காலத்தில் எப்படிக் கிளைத்திருக்க முடியும்? ஸ்பானியர் கொண்டுவரும் வரை அந்நாட்டில் குதிரையே இல்லை என்கிறார்களே, மார்மன் நூலில் குதிரை வருவது எங்ஙனம்? எஃகு வில் ஒன்று வருகிறதே, அக்காலத்து யூதர் எஃகு அறிவாரோ? வளைந்த வாள் பிற்காலத்தது அன்றோ? அமெரிக்காவில் பட்டு ஏது? இவையே அவ்வினாக்கள்.

வழக்கம்போல் நாலு வரியில் மறுத்து அனுப்பியிருக்கலாம். வினவியவன் உள்நோக்கம் கொண்டவன் என்று கூறித் தப்பியிருக்கலாம். அவர் செய்தது வேறு. மாதக்கணக்கில் படித்தார். மொழியியல் நூல்களையும் தொல்பொருள் நூல்களையும் புரட்டினார். இறுதியில் 141 பக்கங்கள் எழுதினார். அவை விடைகள் அல்ல. வினாக்கள் எவ்வளவு வலிமையானவை என்பதற்கான விளக்கம். எதிராளியே இவ்வளவு திறம்பட எழுதியிருக்கமாட்டார். எதிர்வாதத்தை முதலில் அதன் முழு வலிமையோடு எடுத்துரை, பின்னரே மறுக்கத் துணி என்று குருமடத்தில் எங்களுக்குப் புனித தாமஸ் அக்வினாசின் முறையைக் கற்பித்தார்கள். பெரும்பாலோர் முதற்பாதியை விரைந்து கடந்துவிடுவோம். ராபர்ட்ஸ் முதற்பாதியிலேயே நின்று போராடினார்.

1922 ஜனவரியில் தம் சபைத் தலைவரும் அப்போஸ்தலர்களும் கூடியிருந்த அவையில் அவர் அப்பக்கங்களைப் படித்துக் காட்டினார். நாட்கணக்கில் அமர்வு நீடித்தது. அவர்கள் மனமுருகித் தத்தம் விசுவாசத்தை அறிக்கையிட்டனர்; நூல் உண்மையென்று ஒவ்வொருவராக எழுந்து சாட்சி பகர்ந்தனர். வினாக்களுக்கோ விடை பிறக்கவில்லை. ராபர்ட்ஸ் மனம் வருந்தித் தலைவருக்குக் கடிதம் எழுதினார். அவர் கவலை தம்மைப் பற்றியதன்று. இக்கேள்விகளை நம் இளைஞர்கள் நாளை சந்திக்கத்தான் போகிறார்கள், அவர்கள் கையில் எதைக் கொடுப்பது என்பதே அக்கவலை.

அதோடு அவர் நிற்கவில்லை. மார்மன் நூலுக்கு ஏழாண்டுகள் முன்னதாக, 1823-இல், ஈத்தன் ஸ்மித் என்னும் போதகர் வெர்மாண்டில் வெளியிட்ட ஒரு நூலை எடுத்துக்கொண்டார். அமெரிக்கப் பழங்குடியினர் இஸ்ராயேலின் வழிவந்தவர் என்று வாதிக்கும் நூல் அது. அதற்கும் மார்மன் நூலுக்கும் உள்ள ஒப்புமைகளை வரிசையாகத் தொகுத்து, முன்னதைவிடப் பெரியதோர் ஆய்வை எழுதினார். ஜோசப் ஸ்மித்தின் கற்பனையே இந்நூலைப் படைத்திருக்க முடியுமா என்றும் அதில் வினவினார். இவை யாவும் அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. 1985-இல் இல்லினாய் பல்கலைக்கழகம் வெளியிட்டபோது பெரும் பரபரப்பு எழுந்தது. அவர் விசுவாசத்தை இழந்துவிட்டார் என்றனர் ஒருசாரார். எதிராளியின் வேடத்தைத் தற்காலிகமாகப் பூண்டார் என்றனர் மறுசாரார். தாம் எழுதியவை தம் முடிவுகள் அல்ல என்று அவரே குறிப்பெழுதி வைத்திருக்கிறார். சாகும்வரை மேடையில் மார்மன் நூலுக்குச் சாட்சி பகர்ந்தும் வந்தார். என்னைக் கேட்டால், இருசாராரும் அம்முதியவரை எளிமைப்படுத்திவிட்டார்கள் என்பேன். ஐயத்தையும் விசுவாசத்தையும் ஒரே நெஞ்சில் சுமந்து பல்லாண்டு வாழ்ந்தவர்கள் நம் பங்குகளிலும் உண்டு. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமரும் எந்தக் குருவும் அதை அறிவார்.

ராபர்ட்ஸ் அஞ்சியபடியே நடந்தது. ஜோசப் ஸ்மித் 1835-இல் நான்கு எகிப்தியப் பிணப்பேழைகளோடு சில பப்பிரசு ஏடுகளை 2,400 டாலர் கொடுத்து வாங்கச் செய்து, அவற்றில் குலபிதா ஆபிரகாமின் எழுத்து இருப்பதாகக் கூறி 'ஆபிரகாம் நூல்' என்பதை வெளியிட்டிருந்தார். அன்று எகிப்திய எழுத்தைப் படிக்கவல்லார் அமெரிக்காவில் எவருமிலர். ஏடுகள் சிகாகோ தீவிபத்தில் அழிந்தன என்றே அனைவரும் நம்பினர். 1966-இல், கோப்த்து கிறிஸ்தவரான அஜீஸ் அத்தியா என்னும் பேராசிரியர் நியூயார்க் அருங்காட்சியகத்தில் அவற்றின் துண்டுகளைக் கண்டார். மறு ஆண்டு அவை சபையின் கைக்கு வந்தன. வல்லுநர்கள் படித்தார்கள். அவை இறந்தோருடன் அடக்கம் செய்யப்படும் சடங்கேடுகள். ஆபிரகாமின் காலத்திற்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவை. ஆபிரகாமைப் பற்றி அவற்றில் ஒன்றுமில்லை. மார்மன் அறிஞர்களும் இதை ஒப்புக்கொண்டனர். உண்மையான ஏடு இன்னும் கிடைக்கவில்லை என்றனர் சிலர். ஏடு வெறும் தூண்டுகோலே, நூலோ வெளிப்படுத்தலால் வந்தது என்றனர் வேறு சிலர். ஹியூ நிப்லி என்னும் பன்மொழிப் புலவர் இதற்காகவே பக்கம் பக்கமாக எழுதிக் குவித்தார். அவர் புலமைக்குத் தலைவணங்கலாம். என் மனத்தை அவ்வாதங்கள் அசைக்கவில்லை.

காப்பவரின் அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மற்றொரு நிகழ்ச்சி. 1980-களின் தொடக்கத்தில் மார்க் ஹாஃப்மன் என்னும் பழம்பத்திர வணிகர் யூட்டாவில் பல அரிய கடிதங்களைக் 'கண்டெடுத்தார்'. அவற்றுள் ஒன்று 1830-இல் ஜோசப்பின் அன்பர் ஒருவர் எழுதியதாகக் காணப்பட்டது. பொன்தகடுகளைக் காத்து நின்றது வானதூதர் அல்லர், பல்லி போன்ற வெண்ணிறச் சாலமாண்டர் ஒன்றே ஆவியுருக் கொண்டது என்று அதில் எழுதியிருந்தது! சபையின் அன்பர்கள் திகைத்தனர். ஆனால் வாளாவிருக்கவில்லை. அக்கால வழக்கில் சாலமாண்டர் என்பது தீயில் வாழும் ஆவியையும் குறிக்கும், ஆகவே வானதூதருக்கும் அது பொருந்தும் என்று சான்று தேடி எழுதத் தொடங்கினர். இதற்கிடையில் அக்கடிதத்தைக் கண்டு முதன்முதலில் ஐயுற்றவர் யார் தெரியுமா? மார்மன் சபையைக் கடுமையாக எதிர்த்து ஆயுள் முழுதும் எழுதிவந்த ஜெரால்டு டேனர். அவர் மனைவி சாண்ட்ரா, மார்மன்களின் இரண்டாம் தலைவரான பிரிகாம் யங்கின் வழித்தோன்றல். இருவரும் அச்சபையை விட்டு வெளியேறியவர்கள். அக்கடிதம் மெய்யானால் அவர்களுக்குப் பேராயுதம். ஆயினும், இது போலியாக இருக்கலாம் என்று 1984-லேயே டேனர் தம் இதழில் எழுதினார். அவர் கூற்றே மெய்யாயிற்று. தன் மோசடி வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சிய ஹாஃப்மன் 1985 அக்டோபரில் வெடிகுண்டு வைத்து இருவரைக் கொன்றான். 1987-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுட்சிறை புகுந்தான். பொய்க் கடிதத்திற்குப் பொருள் விளக்கம் எழுதியவர்களை நினைத்தால் எனக்கு இரக்கமே உண்டாகிறது. தம் இல்லத்தை எவர் தாக்கினாலும், வந்த கல் உண்மையில் கல்தானா என்று பாராமலே கதவைச் சாத்துவது மனித இயல்பு.

அச்சபை கதவைத் திறக்க நெடுங்காலம் ஆயிற்று. 1993-இல்கூட ஆய்வாளர் அறுவர் மீது ஒரே மாதத்தில் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது. 2013 முதல்தான் சபைத் தலைமையே இடர்ப்பாடான பொருள்கள் பற்றிக் கட்டுரைகளை வெளியிடலாயிற்று. கறுப்பின ஆண்களுக்கு 1978 வரை குருத்துவம் மறுக்கப்பட்டதற்கு முன்னோர் கூறிவந்த காரணங்களை அது கைவிட்டது. பப்பிரசுத் துண்டுகளின் எழுத்தும் ஆபிரகாம் நூலும் பொருந்தவில்லை என்பதை ஒப்புக்கொண்டது. ஜோசப் ஸ்மித் மணந்த பெண்கள் முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்டோர் எனக் கணிக்கப்படுவதையும், அவருள் ஒருத்திக்கு 15 வயதும் நிரம்பியிருக்கவில்லை என்பதையும் அச்சிட்டது. ஐம்பது வயதில் இவற்றை முதன்முறையாகப் படித்த மார்மன் பெற்றோர் பலர் கலங்கினர். செய்தியைக் காட்டிலும், இதை ஏன் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை என்பதே அவர்களைப் பெரிதும் சுட்டது. எதிரிகளின் பொய் என்று தாங்களே தங்கள் பிள்ளைகளுக்கு மறுத்துரைத்தவற்றுள் சில, இப்போது சபையின் எழுத்திலேயே இருந்தன.

நாம் நகைக்கத் தகுதியுடையோமா? கொன்ஸ்தந்தீன் பேரரசர் பாப்பரசருக்கு மேற்றிசை நாடுகளை எழுதிக் கொடுத்தார் என்னும் பத்திரத்தை நம் முன்னோர் பல நூற்றாண்டுகள் நம்பினார்கள். அது போலி என்று 1440-இல் மொழிநடையைக் கொண்டே மெய்ப்பித்தவர் லொரென்சோ வால்லா, அவரும் கத்தோலிக்கரே. வத்திக்கான் ஆவணக் காப்பகத்தை 13-ஆம் சிங்கராயர் ஆய்வாளருக்குத் திறந்துவிட்டது 1881-இல். நமக்கும் காலம் பிடித்தது.

எதிர்ப்போர் பக்கமும் ஒரு நேர்மை வேண்டும். 1985-இல் ஸ்வீடனின் தலைநகரருகே மார்மன் ஆலயம் ஒன்று எழும்பியபோது ஊரில் எதிர்ப்புக் கிளம்பியது. அந்நகரின் லூத்தரன் ஆயர் கிறிஸ்டர் ஸ்டெண்டால் அப்போது மூன்று நெறிகளைக் கூறினார். ஒரு சமயத்தை அறிய விரும்பினால் அதன் பகைவரைக் கேளாமல் அதைக் கைக்கொள்வோரையே கேட்கவேண்டும். நம்மிடமுள்ள நல்லதை அவர்களிடமுள்ள கெட்டதோடு ஒப்பிடலாகாது. அவர்களிடம் நாம் ஏங்கத்தக்க ஒன்றைக் காண நெஞ்சில் இடம் விடவேண்டும். தமக்கு அப்படி ஏக்கம் தருவது, இறந்தோர்க்காக மார்மன் சபையார் பெறும் ஞானஸ்நானமே என்றும் அவர் கூறினார்.

இதில்தான் பங்குக் குருவாகிய எனக்கு நேரடியான தொடர்பு. அவர்கள் தம் முன்னோரின் பெயர்களைத் தேடிக் கண்டு, உயிரோடிருப்போர் ஒருவரை அவர்களுக்குப் பதிலாக முழுக்காட்டுகின்றனர். அதற்காகவே உலகெங்கும் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் படமெடுத்துச் சேகரித்து வந்தனர். யூதப் படுகொலையில் மாண்டவர்களுக்கும் இப்படிச் செய்ததால் யூதர் மனம் புண்பட்டது. 1995-இல் அதை நிறுத்த அவர்கள் உடன்பட்டனர். 2008-இல், பங்குப் பதிவேடுகளை அவர்களிடம் ஒப்படைக்கலாகாது என்று உரோமையிலிருந்து ஆயர்களுக்கு ஆணை வந்தது. (திருமண ஓலைக்காக வருவோருக்கு ஏட்டைத் தேடிக் கொடுக்கவே நமக்குப் பொழுது போதவில்லை என்பது வேறு.) ஆணை நியாயமானது, நம் பாட்டனார் பெற்ற திருவருட்சாதனம் முழுமையானது, அதற்கு மேல் ஒன்று தேவையில்லை. ஆனால் ஸ்டெண்டால் கூறியபடி அவர்களையே கேட்டால் என்ன சொல்கிறார்கள்? இறந்தவரை எவரும் வலிந்து சேர்ப்பதில்லை, ஏற்பதும் மறுப்பதும் அவ்வான்மாவின் உரிமை, நாங்கள் வாயிலைத் திறந்து வைக்கிறோம் என்கிறார்கள். நவம்பர் மாதம் முழுதும் உத்தரிக்கிற ஆன்மாக்களுக்காக மெழுகுதிரி ஏற்றும் நமக்கு, அந்த அன்பின் ஊற்று எங்கிருந்து வருகிறது என்பது விளங்காமற் போகாது. கோட்பாட்டை மறுக்கலாம், அதைப் பரிகசிக்க எனக்கு மனம் வரவில்லை.

குதிரை வினாவுக்கு இன்றுவரை அவர்களிடையே ஒருமித்த விடையில்லை. தாபிர் என்னும் காட்டு விலங்கைக் குதிரை என்றனர் போலும் என்கிறார் ஒருவர். புதைபடிவம் ஒருநாள் கிடைக்கும் என்கிறார் மற்றொருவர். மொழி பற்றிய வினாவோ இப்போது மரபணு ஆய்வின் வடிவில் திரும்பி வந்திருக்கிறது. பழங்குடியினரின் 'முதன்மையான' முன்னோர் என்று மார்மன் நூலின் முன்னுரையில் இருந்ததை, 2006-ஆம் ஆண்டுப் பதிப்பில், முன்னோர்களுள் சேர்ந்தவர் என்று மாற்றினார்கள்.

ராபர்ட்ஸ் 1933 செப்டம்பர் 27 அன்று காலமானார். நீரிழிவால் ஒரு பாதத்தை இழந்திருந்த அவர், அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் சிகாகோவுக்குப் பயணமானார். நாற்பதாண்டுகளுக்கு முன் அவருக்கு மேடை மறுத்த அதே நகரில் மீண்டும் சர்வ சமயத்தார் கூடியிருந்தனர். இம்முறை அவரைப் பேச அழைத்திருந்தார்கள், பேசினார்.